கேட்கத் தெரிய வேண்டும்



வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். வாய் இருந்தால் மட்டும் போதாது, கேட்கவும் தெரிய வேண்டும் என்பதை இந்தக் கல்வியாண்டில் நான் கற்றுக்கொண்டேன். இதைக் கற்றுக் கொடுத்தவர்களின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர்கள் குரலைக் கேட்டதில்லை. ஆணா பெண்ணா, இளையவரா முதியவரா, எந்த ஊரார் என்பதும் தெரியாது. "இது என்ன விடுகதை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். நான் பிளஸ் ஒன் வகுப்பில் கணினி அறிவியல் பாடம் எடுத்ததும், அம்மா தாம் கட்டி வந்த சீட்டை எடுத்து, பழைய கணினிகள் விற்கும் கடையில் 9,000 ரூபாய்க்கு ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார். எனக்கும், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம்பிக்கும் அது பொது. அதில் இருந்த விண்டோஸ் 10 ஆமை வேகத்தில் நகர்ந்தது. போதாக்குறைக்கு, அந்தப் பதிப்புக்கான இலவசப் பராமரிப்பும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தப்பட்டு விட்டது. எங்கள் கணினி ஆசிரியையான சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் அடங்கிய பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நம் பாடநூலிலும் விண்டோசுக்கு அடுத்தபடியாக உபுண்டுவைப் பற்றிப் படிக்கிறோம் அல்லவா? ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அதை நிறுவினேன். கிழவி குமரியானது போல மடிக்கணினி சுறுசுறுப்பாயிற்று!

ஆனால் மகிழ்ச்சி மாலைவரை கூட நீடிக்கவில்லை. வைஃபை வேலை செய்யவில்லை. மாடி வீட்டு வைஃபை கட்டணத்தில் நாங்களும் ஒரு பங்கு கொடுத்து வருகிறோம். அது மட்டும் கணினிக்குக் கண்ணிலேயே படவில்லை. வாங்கிய கடையில் கேட்டோம். "விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார்கள். பழுது பார்ப்பவர் ஒருவர், உள்ளே இருக்கும் வைஃபை அட்டையையே மாற்ற வேண்டும், 1,500 ரூபாய் ஆகும் என்றார். "அது எட்டு ரவிக்கை தைக்கிற கூலி" என்று அம்மா மெதுவாகச் சொன்னார். வீட்டுக்கு வந்திருந்த மாமா, "பாதி விலைக்காவது தள்ளிவிடு அக்கா. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். அம்மா பதில் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது. சீட்டுப் பணம் வீண் என்று ஆகிவிடக் கூடாதே என்று அன்றிரவெல்லாம் எனக்குக் கவலை.

திங்கட்கிழமை சிஸ்டரிடம் ஓடினேன். "வன்பொருளில் கோளாறா, மென்பொருளில் கோளாறா என்று முதலில் தெரிய வேண்டும். எனக்கு இதில் பழக்கம் போதாது. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது" என்று சொல்லி, இணைய அரட்டை அறை ஒன்றைக் காட்டினார். அதன் பெயர் ஐ.ஆர்.சி. பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஆய்க்காரினென் என்பவர் 1988 ஆகஸ்டில் உருவாக்கியது. நம்மில் பலருடைய பெற்றோர் பள்ளியில் படித்துக் கொண்டிருந்த காலம்! அங்கே படம் இல்லை, ஒலி இல்லை. எழுத்து மட்டுமே. ஒரு செய்தி 512 எழுத்திடங்களுக்குள் அடங்க வேண்டும் என்பது அதன் பழைய விதி. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி அறைகள் உண்டு. லினக்சுக்கும், அது போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கும் உதவி கேட்போர் பல்லாண்டுகளாக ஃப்ரீநோட் என்னும் வலையமைப்பில் கூடி வந்தார்கள். 2021 மே மாதத்தில் நிர்வாகத் தகராறு ஏற்பட்டு, அதை நடத்திய தன்னார்வத் தொண்டர்கள் வெளியேறி, லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். பெரும்பாலான அறைகளும் அவர்களோடு இடம் பெயர்ந்தன. நான் சென்றதும் அங்கேதான்.

"முகந் தெரியாத ஆளுங்ககிட்ட ராத்திரியில என்னம்மா பேச்சு?" என்று அம்மா கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். ஆகவே சிஸ்டர் சொல்லிக் கொடுத்த கட்டுப்பாடுகளை அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொந்தப் பெயர் கூடாது, புனைபெயர் மட்டுமே. வயது, ஊர், பள்ளி, கைப்பேசி எண் எதுவும் கூடாது. எல்லோரும் காணும் பொது அறையில்தான் பேச்சு. தனிச் செய்தி வந்தால் பதில் இல்லை. அம்மா அருகிலேயே இருக்க வேண்டும். "சிட்டு" என்று எனக்குப் பெயர் வைத்துக் கொண்டேன். அம்மா காஜா எடுக்க வேண்டிய சட்டைகளை மடியில் போட்டுக் கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தார்.

எங்கள் வீட்டில் இணையம் உள்ள கைப்பேசி ஒன்றே ஒன்று. அது அப்பாவோடு ஆட்டோவில் சுற்றி, இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்பும். பத்தரை வரை அது என் வசம். முதல் நாள் நான் எதுவும் எழுதவில்லை. பிறர் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்துக் கொண்டே இருந்தேன். ஒருவர் வந்து, "லினக்ஸ் தெரிந்தவர் யாரேனும் உண்டா?" என்றார். "கேட்கலாமா என்று கேட்க வேண்டாம், நேரே கேளுங்கள்" என்று பதில் வந்தது. இன்னொருவர், "என் கணினி வேலை செய்யவில்லை, உதவுங்கள்!" என்று மூன்று முறை எழுதினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாமவர் தம் கணினியின் வகை, லினக்சின் பதிப்பு, தாம் இட்ட கட்டளை, அதற்கு வந்த பிழைச் செய்தி ஆகியவற்றை இரண்டே வரியில் எழுதினார். உடனே நான்கு பேர் அவரைச் சூழ்ந்து கொண்டார்கள்.

நான் இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னார்: "எங்கிட்டயும் அப்படித்தான். ரவிக்கையைக் கொண்டு வந்து போட்டுட்டு, 'சரியில்ல'ன்னு மட்டும் சொன்னா நான் எதைப் பிரிக்கிறது, எதைத் தைக்கிறது? தோள்ல இறங்குதா, கையில பிடிக்குதான்னு சொன்னாத்தானே ஆகும்?" கணினியை ஒரு நாளும் தொட்டறியாத என் தாய், அந்த அறையின் முதல் விதியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்!

மறுநாள் பகலில், ஒரு தாளில் என் கேள்வியை எழுதினேன். கணினியின் பெயரும் மாதிரி எண்ணும், உபுண்டுவின் பதிப்பு, விண்டோசில் வைஃபை வேலை செய்தது என்னும் செய்தி, லினக்சில் வலையமைப்புப் பட்டியலே தோன்றவில்லை என்னும் குறை, இதுவரை நான் செய்து பார்த்தவை என வரிசைப்படுத்தினேன். எனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். ஆனால் அந்த அறையில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் பலர் இருப்பதை முதல் நாளே கவனித்திருந்தேன். சிறு சிறு வாக்கியங்களாக எழுதினேன். இரவு ஒன்பதே காலுக்கு அதை அனுப்பினேன். நெஞ்சு படபடவென்று அடித்துக் கொண்டது.

பதில் இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி! வேறு பேச்சுகள் ஓடின; என் கேள்வி மேலே மேலே போய் மறைந்தது. அந்த அறைகளில் பழைய பேச்சு பொதுவாகச் சேமிக்கப்படுவதில்லை. நாம் வெளியேறிய பிறகு யாராவது பதில் எழுதினால் அது நமக்குக் கிடைக்காது. பத்தரை மணிக்குக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். அங்கே இருப்பவர்கள் சம்பளம் வாங்கிக் கொண்டு அமர்ந்திருப்பவர்கள் அல்லர். வேலைக்கும் சமையலுக்கும் தூக்கத்திற்கும் இடையே எட்டிப் பார்ப்பவர்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் எப்படி வரும்?

அடுத்த நாள் இரவு அதே கேள்வியை மீண்டும் ஒரே முறை அனுப்பினேன். ஆறாவது நிமிடத்தில் ஒருவர் பதில் எழுதினார். முதலில் ஒரு நன்றி: "தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், வேலை எளிதாயிற்று." பிறகு அவர் கேட்கக் கேட்க நான் செய்து காட்டினேன். ஆர்.எஃப்.கில் என்னும் கட்டளை, வைஃபையை ஏதேனும் பொத்தானோ மென்பொருளோ அடைத்து வைத்திருக்கிறதா என்று காட்டும். அடைப்பு எதுவும் இல்லை. அடுத்து எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை. அது கணினிக்குள் பொருத்தப்பட்ட உறுப்புகளின் பட்டியலைத் தரும். ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தயாரித்தவரைக் குறிக்கும். மற்றொன்று உறுப்பின் வகையைக் குறிக்கும். ஒவ்வொன்றும் நான்கு இலக்கம் கொண்ட பதினாறடிமான எண்! "இது எதற்குப் பயன்படப் போகிறது?" என்று நாம் வகுப்பில் முணுமுணுத்த அதே எண்முறை என் கண்முன் வந்து நின்றது.

அந்த எண்களைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். அவர் நோயைக் கண்டுபிடித்து விட்டார். "உங்கள் வைஃபை அட்டை நன்றாகவே இருக்கிறது. மாற்ற வேண்டாம். அதை இயக்கும் இயக்கி மென்பொருள்தான் இல்லை. அதைச் செய்த நிறுவனம் அதன் மூலநிரலை வெளியிடாததால், லினக்ஸ் கருவோடு அது சேர்ந்து வருவதில்லை. தனியே இறக்கிக்கொள்ள வேண்டும்" என்றார். அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். "அப்ப அந்த 1,500 ரூபாய் வேண்டாமா?" என்று கேட்டார். அவர் கையில் ஊசி அப்படியே நின்றுவிட்டது.

இணையத்தில் இருந்து இறக்க வேண்டும் என்றால் இணையம் வேண்டுமே, வைஃபை இல்லாமல் எப்படி? அதற்கும் வழி சொன்னார். கைப்பேசியை மின்னேற்றும் கம்பியாலேயே மடிக்கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைப் பகிரலாம். அப்படியே செய்தோம். ஒரே நிமிடத்தில் இணைப்பு கிடைத்தது.

அந்த வேளையில்தான் நான் ஒருபோதும் மறக்க முடியாத ஒன்று நடந்தது. யாரோ ஒரு புதியவர் குறுக்கே நுழைந்து, "இதைத் தட்டச்சு செய், உடனே சரியாகும்" என்று ஒரு கட்டளையை எனக்கு எழுதினார். அது கணினியில் உள்ள கோப்புகளை எல்லாம் அடியோடு அழிக்கும் கட்டளை! நான் விசையைத் தொடும் முன்பே மூன்று பேர் ஒரே நேரத்தில், "வேண்டாம், செய்யாதீர்கள்!" என்று கூவினார்கள். எழுத்திலும் கூவ முடியும் என்பதை அன்று கண்டேன். அறையைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர் அந்த ஆளை வெளியே தள்ளினார். எனக்கு உதவியவர் பிறகு சொன்னது இது: "என்னையும் சேர்த்து, யார் சொன்னாலும், பொருள் புரியாத கட்டளையை இடாதீர்கள். மேன் என்று தட்டி, அடுத்து அந்தக் கட்டளையின் பெயரைத் தட்டுங்கள். அதன் கையேடு வரும். படித்துப் பார்த்துவிட்டு விசையை அழுத்துங்கள். நான் காத்திருக்கிறேன்." நல்ல ஆசிரியருக்கு வேறு இலக்கணம் வேண்டுமா, தோழியரே?

ஒவ்வொரு கட்டளையையும் படித்துப் புரிந்துகொண்டு இட்டேன். நடுவில் கணினி ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொன்னது. மீண்டும் தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வரும், பயப்படக் கூடாது என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். கணினி தொடங்கும்போது அயலான நிரல் எதுவும் புகுந்துவிடாமல் காக்கும் செக்யூர் பூட் என்னும் காவல் அது. புதிய இயக்கியை நாமே சேர்க்கிறோம் என்று அந்தத் திரையில் உறுதி செய்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். செய்தேன். கணினி எழுந்தது. வலப்பக்க மூலையில் சிறிய விசிறி போன்ற வைஃபை குறி! மாடி வீட்டின் இணைப்பு பட்டியலில் முதலாவதாக நின்றது. தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கை தட்டினான். மணி பத்து ஐம்பது. அன்று மட்டும் அப்பா இருபது நிமிடம் கூடுதலாக அனுமதித்தார்.

"அவங்களுக்கு நாம எவ்வளவு தரணும்னு கேளு" என்றார் அம்மா. கேட்டேன். "ஒன்றும் வேண்டாம். நேரம் கிடைக்கும்போது உங்கள் மொழியில் இதை எழுதி வையுங்கள். இதே எண் உள்ள அட்டை வேறு யாரிடமாவது இருக்கும்" என்று எழுதினார். நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவர் வேறொருவருடைய கேள்விக்குப் போய்விட்டார்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! லினக்ஸ் பிறந்ததே ஒரு கேள்வியில்தான். 1991ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பற்றிய இணையக் குழுவில், போசிக்ஸ் என்ற தரவிதிகள் எங்கே கிடைக்கும் என்று முன்பின் அறியாதவர்களிடம் உதவி கேட்டார். அதே ஆகஸ்ட் 25ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதைச் சொல்லி, அதில் என்னென்ன இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் அதே குழுவிடம் கேட்டார். வெறும் பொழுதுபோக்காகத் தொடங்கியது என்றுதான் அவரே எழுதினார். அவர் வைக்க நினைத்த பெயர் ஃப்ரீக்ஸ். கோப்புகளை வைக்க இடம் கொடுத்த நண்பர் ஆரி லெம்கே, அந்த இடத்துக்கு லினக்ஸ் என்று பெயரிட்டார், அதுவே நிலைத்தது. 2017 நவம்பர் முதல், உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்சில்தான் ஓடுகின்றன. அவ்வளவு ஏன்? அப்பாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான்!

எனக்கு நேர்ந்த தொல்லை போன்றவை பலருக்கும் நேர்ந்திருக்கின்றன. 1993 முதல் வளர்ந்து வரும் டெபியன் என்னும் லினக்ஸ் குடும்பத்தார், வன்பொருள்களுக்குத் தேவையான, மூலநிரல் திறக்கப்படாத நுண்நிரல்களை நிறுவுவட்டிலேயே சேர்க்கலாமா கூடாதா என்று 2022இல் வாக்கெடுப்பே நடத்தினார்கள். சேர்க்கலாம் என முடிவாகி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. கொள்கையா, புதிதாக வருபவரின் அல்லலா என்று பெரியவர்கள் கூடி வாதாடி, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி, குறிப்பாக நமக்கு. இத்தகைய அரட்டை அறைகள் எல்லாம் எப்போதும் கனிவானவையாக இருந்ததில்லை. ஏளனமும் கடுமொழியும் உண்டு. பெண் என்று தெரிந்தால் அது கூடுவதும் உண்டு. அதனால்தான் 1990களின் பிற்பகுதியில் லினக்ஸ்சிக்ஸ் என்று பெண்களுக்கான ஓர் அமைப்பு தோன்றியது. அதன் விதிகள் இரண்டே இரண்டு: பணிவாய் இரு, உதவியாய் இரு. நம் வகுப்பறைச் சுவரிலும் எழுதி வைக்கத்தக்க விதிகள் அல்லவா?

வாக்குக் கொடுத்தபடி, வைஃபை இயக்கியை நிறுவும் முறையைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். சிஸ்டர் அதைத் திருத்தி, கணினி ஆய்வகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார். அதைப் பார்த்து நம் பள்ளித் தோழியர் இருவர் தங்கள் பழைய கணினிகளைச் சரி செய்துகொண்டார்கள். அரையாண்டு விடுமுறையில் ஓர் இரவு, அதே அறையில், எங்கோ இருந்து ஒருவர் என் அட்டையின் அதே எண்ணைக் குறிப்பிட்டு உதவி கேட்டார். பதில் சொல்ல யாரும் வரவில்லை. நான் மெல்ல எழுதத் தொடங்கினேன். முதலில் கைப்பேசியைக் கம்பியால் இணைக்கச் சொன்னேன். நீலத் திரை வரும், அஞ்ச வேண்டாம் என்றும் மறக்காமல் சொன்னேன். கால் மணி நேரத்தில், "வந்துவிட்டது!" என்று அவர் எழுதினார். அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாருக்கு?" என்றார். "தெரியாதும்மா" என்றேன். இருவரும் சிரித்தோம்.

தோழியரே! வகுப்பில் புரியாததைக் கேட்கத் தயங்கி, புரிந்ததுபோல் தலையாட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கேட்பது தாழ்வு அன்று. ஆனால் கேட்பதற்கு முன், எனக்கு எதுவரை தெரியும், எங்கே தடுக்குகிறது, நான் என்னென்ன முயன்றேன் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அந்தத் தாளே விடை சொல்லிவிடும். மீதிக்கு ஆசிரியரிடம் செல்லுங்கள். அவர் வேலையாய் இருந்தால் பொறுத்திருந்து மறுபடியும் கேளுங்கள். சொன்னதை அப்படியே விழுங்காமல், ஏன் என்று புரிந்துகொண்டு செய்யுங்கள். முகந்தெரியாதவரிடம் கேட்க நேர்ந்தால், உங்களைப் பற்றிய செய்திகளைப் பூட்டி வைத்து, வீட்டில் ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். விடை கிடைத்ததும் அதை எழுதி வையுங்கள். அடுத்து ஒருத்தி அதே கேள்வியோடு வருவாள்.

பெற்றோரே! உங்கள் மகள் ஒன்றைக் கேட்டால், பெண் பிள்ளைக்கு எதற்கு என்று தள்ளாதீர்கள். சற்று நேரம் அவள் அருகில் அமருங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் அம்மாவுக்கும் தெரியாது.

— மாணவி, பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு